காலேஜில் விளையாடினால் சம்பளம் கிடைக்குமா? டென்னிஸ் ஆடும் மகளை அமெரிக்கா அனுப்ப நினைக்கும் ஒரு அப்பாவுக்கு

கோயம்புத்தூரிலிருந்து எழுதிய சாருக்கு வணக்கம்.

மகள் இப்போது பிளஸ் ஒன், சின்ன வயதிலிருந்தே டென்னிஸ், படிப்பிலும் சோடை இல்லை. ஒரு ஏஜென்ட் உங்களிடம், “அமெரிக்காவுல இப்ப காலேஜ் பிளேயர்ஸுக்குச் சம்பளமே குடுக்கறாங்க, எஜுகேஷன் லோனே வேண்டாம், மிச்சம் பிடிச்சு வீட்டுக்கே அனுப்பலாம்” என்று சொல்லியிருக்கிறார். உண்மையா என்று கேட்கிறீர்கள். சம்பளம் தருவது உண்மைதான் சார். அது உங்கள் மகளுக்கு வரும் என்று சொன்னதை நம்பாதீர்கள். ஆனால் சம்பளம் இல்லாமலே, நல்ல ஸ்காலர்ஷிப்போடு அவள் அங்கே படிக்க வாய்ப்பு இருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் பணமும் போகும், இரண்டு வருஷமும் போகும், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு என்சிஏஏ. ஆடுகிற பிள்ளைக்குப் படிப்புச் செலவைத் தாண்டி எதுவும் தரக்கூடாது என்று பல பத்தாண்டுகள் கறாராக இருந்தது. ஆனால் மார்ச் மாதப் பேஸ்கட்பால் போட்டியின் டிவி உரிமைக்கு மட்டும் அவர்களுக்கு வருஷத்துக்குச் சராசரியாக 110 கோடி டாலர் வருகிறது, பெரிய அமெரிக்கன் ஃபுட்பால் (நம் கால்பந்து இல்லை) கோச்சுகள் வருஷத்துக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் வாங்குகிறார்கள். யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் பேஸ்கட்பால் வீரராக இருந்த எட் ஓபேனன், ஒரு வீடியோ கேமில் தன்னைப் போலவே ஒரு ஆட்டக்காரர் ஓடுவதைப் பார்த்தார், அதற்கு அவருக்கு ஒரு பைசா வரவில்லை. 2009ல் வழக்குப் போட்டார். அதற்கப்புறம் வழக்கு மேல் வழக்கு. 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அடுத்த மாதமே, தன் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்க மாணவர்களுக்கு அனுமதி வந்தது. இதைத்தான் என்ஐஎல் என்கிறார்கள். 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒரு பெரிய சமரச ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். பழைய வீரர்களுக்கு 280 கோடி டாலர் இழப்பீடு, அதோடு ஜூலை 1 முதல் பல்கலைக்கழகங்களே தங்கள் வருமானத்திலிருந்து ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பங்கு கொடுக்கலாம், முதல் வருஷ உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர்.

இது நியாயமான மாற்றம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஸ்டேடியத்தை நிரப்புகிறவனுக்குப் பங்கு வேண்டும். ஆனால் ஸ்டேடியத்தை நிரப்புவது யார்? அமெரிக்கன் ஃபுட்பாலும் ஆண்கள் பேஸ்கட்பாலும்தான். பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பேசப்படும் கணக்கு, நூறு ரூபாயில் 75 ஃபுட்பாலுக்கு, 15 ஆண்கள் பேஸ்கட்பாலுக்கு, 5 பெண்கள் பேஸ்கட்பாலுக்கு, மீதி ஐந்தை மற்ற எல்லா விளையாட்டும் பகிர்ந்துகொள்ள வேண்டும். டென்னிஸ் அந்தக் கடைசி ஐந்துக்குள், அதுவும் நீச்சல், தடகளம், வாலிபால், கோல்ஃப் எல்லாவற்றோடும் வரிசையில் நிற்கிறது.

அந்த 2 கோடி டாலர் புதிதாக எங்கிருந்தும் வந்துவிடவில்லை. இருக்கிற பட்ஜெட்டில் எங்கேயோ வெட்டித்தான் கொடுக்க வேண்டும், வெட்டு விழுவது டிக்கெட் விற்காத விளையாட்டுகளுக்கு. 2025ல் டெக்சாஸின் யூடெப் பல்கலைக்கழகம் பெண்கள் டென்னிஸ் அணியையே நிறுத்தியது. கலிஃபோர்னியாவின் கால் பாலி நீச்சல் அணியை மூடியது. இந்தச் சமரசத்துக்கே காரணமான வழக்கு கிரான்ட் ஹவுஸ் என்ற நீச்சல் வீரரின் பெயரில்தான் நடந்தது, அதை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. அணி நின்றுபோனால் ஸ்காலர்ஷிப்பைப் படிப்பு முடியும்வரை காப்பாற்றிக் கொடுக்கும் கல்லூரிகள் உண்டு, ஆனால் எல்லாரும் அப்படிச் செய்வார்கள் என்று நம்பி பிள்ளையை அனுப்ப முடியாது. கடிதத்தில் எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

இன்னொரு மாற்றம் உங்கள் மகளை நேரடியாகத் தொடும், இதைப் பெரும்பாலான ஏஜென்ட்டுகள் சொல்வதில்லை. முன்பு முதல் பிரிவில், அதாவது டிவிஷன் ஒன்றில், பெண்கள் டென்னிஸ் அணிக்கு 8 ஸ்காலர்ஷிப், எட்டும் முழு ஸ்காலர்ஷிப். வருமானப் பங்கு கொடுக்கும் அந்தப் புதிய ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளில் அந்தக் கணக்கு போய்விட்டது. அணியில் 10 பேர் இருக்கலாம், பத்துப் பேருக்கும் கொடுக்கலாம், ஆனால் கோச் அதைப் பிய்த்துப் பிய்த்து ஒருத்திக்கு அறுபது சதவீதம், இன்னொருத்திக்கு இருபது என்றும் கொடுக்கலாம். ஆகவே “ஸ்காலர்ஷிப் உண்டு” என்ற ஒற்றை வார்த்தையில் மயங்காதீர்கள். எத்தனை சதவீதம், எதெதற்கு, எத்தனை வருஷத்துக்கு என்று கேளுங்கள். பல இடங்களில் அது வருஷா வருஷம் புதுப்பிக்கப்படுவது.

இனி விசா. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகிற மாணவி முதல் வருஷம் வளாகத்துக்கு வெளியே வேலை செய்யக்கூடாது, அதன் பிறகும் அனுமதி வாங்கித்தான் செய்யலாம். விளம்பரத்துக்குப் போஸ் கொடுப்பது, காசு வாங்கிக்கொண்டு இன்ஸ்டாகிராமில் போஸ்ட் போடுவது எல்லாமே வேலையாகக் கருதப்படும் ஆபத்து உண்டு. பல்கலைக்கழகம் நேரடியாகத் தரும் பங்கும் எஃப்-1 மாணவர்களுக்குச் சரிப்படுமா என்பதில் தெளிவில்லை. கனடாவிலிருந்து போய் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஆடிய சாக் ஈடி தொடர்ந்து இரண்டு வருஷம் நாட்டின் சிறந்த கல்லூரி பேஸ்கட்பால் வீரர். அவரோடு ஆடிய அமெரிக்கப் பையன்கள் சம்பாதித்ததுபோல அவரால் அங்கே சம்பாதிக்க முடியவில்லை, காரணம் அந்த விசாதான். அவருக்கே அந்த நிலைமை. யாராவது “பரவாயில்லை, அப்பா அக்கவுன்ட்டுக்குப் பணம் போட்டுவிடலாம்” என்று வழி சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். விசா ஸ்டேட்டஸ் போனால் படிப்பே போய்விடும். எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடும் முன் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு ஈமெயில் போட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வாய்ப்பேச்சின் கதியைச் சொல்ல ஒரு சம்பவம் போதும். 2024ல் யுஎன்எல்வி பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் முக்கிய ஆட்டக்காரர் (குவார்ட்டர்பேக்) மேத்யூ ஸ்லூகா மூன்று ஆட்டம் ஜெயித்துக் கொடுத்துவிட்டு, சொன்ன ஒரு லட்சம் டாலர் வரவில்லை என்று அணியை விட்டே வெளியேறினார். அப்படி முறையான ஒப்பந்தமே இல்லை என்றது கல்லூரித் தரப்பு. எழுத்தில் இருப்பது சில சமயம் இதைவிட மோசம். ஃப்ளோரிடாவில் ஆடிய ஜெர்வான் டெக்ஸ்டர் 2022ல் 4,36,485 டாலர் வாங்கிக்கொண்டு கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், எதிர்காலத் தொழில்முறை ஃபுட்பால் வருமானத்தில் 15 சதவீதத்தை 25 வருஷத்துக்குக் கொடுப்பதாக இருந்தது. பிறகு கோர்ட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. இருபது வயதுப் பிள்ளை, கையில் பெரிய தொகை, பக்கத்தில் படித்துச் சொல்ல ஆள் இல்லை. நம் பிள்ளைகளுக்கு அவ்வளவு பெரிய தொகை வராது, ஆனால் காகிதம் வரும்.

உங்கள் ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்காலர்ஷிப் தொகையில் இத்தனை சதவீதம் எனக்கு என்று கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அது என்சிஏஏ விதிக்கே விரோதம், சார். வீடியோ எடுத்துத் தர, விண்ணப்பத்துக்கு வழிகாட்ட ஒரு நிலையான கட்டணம் வாங்கலாம். சீட்டு கிடைத்தால் இவ்வளவு, ஸ்காலர்ஷிப்பில் இவ்வளவு என்று வாங்கினால் பிரச்சினை அவருக்கு இல்லை, ஆடும் தகுதியை இழக்கப் போவது உங்கள் மகள். அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

அப்புறம் போட்டி. கல்லூரி மாறுவது இப்போது மிகச் சுலபம், டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயரைப் பதிந்துவிட்டு அடுத்த வருஷமே வேறு அணியில் ஆடலாம். அதனால் கோச்சுகள் பதினேழு வயதுப் பிள்ளையை எடுத்து வளர்ப்பதைவிட, ஏற்கெனவே இரண்டு வருஷம் ஆடித் தேறிய இருபது வயதுக்காரியை எடுக்கவே விரும்புகிறார்கள். டிவிஷன் ஒன்று டென்னிஸில் பாதிக்கும் மேல் வெளிநாட்டுப் பிள்ளைகள், ஐரோப்பாவிலிருந்து, தென் அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள். இது கஷ்டமான செய்திதான், ஆனால் இதே கதவு நமக்கும் திறந்திருக்கிறது. மதுரைப் பையன் தட்சிணேஸ்வர் சுரேஷ் முதலில் போனது ஜார்ஜியா க்வினெட் என்ற கல்லூரிக்கு. அது என்சிஏஏவிலேயே இல்லை, என்ஏஐஏ என்ற சின்ன அமைப்பில் இருக்கிறது, ஆனால் டென்னிஸில் கெட்டி. அங்கிருந்து வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு மாறினார், 2025ல் அந்த அணி தேசிய சாம்பியன், அதே செப்டம்பரில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பையில் ஆடி ஜெயித்தார். பெரிய பெயர்களை மட்டும் குறிவைக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். டிவிஷன் இரண்டு, என்ஏஐஏ கல்லூரிகளுக்கும் எழுதுங்கள். டிவிஷன் மூன்றில் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது, ஆனால் மார்க் நன்றாக இருந்தால் படிப்புக்காகத் தருவது கணிசமாக இருக்கும், அது அணி நின்றாலும் முழங்கால் போனாலும் நிற்காது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இரண்டாம் வருஷம் டென்னிஸ் இல்லாமல் போனால் இதே கல்லூரியில், இதே பாடத்தைப் படிப்பாயா? மாட்டேன் என்றால் அந்தக் கல்லூரி வேண்டாம். டெல்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை தேஜஸ்வின் சங்கர் கான்சஸ் ஸ்டேட்டில் உயரம் தாண்டுதலில் இரண்டு முறை என்சிஏஏ சாம்பியன். அங்கே வாங்கிய பட்டத்தை வைத்து டெலாய்ட்டில் வேலைக்கும் சேர்ந்தார், இந்தியாவுக்குப் பதக்கமும் வாங்கினார். உங்கள் மகள் விஷயத்தில் நான் ஆசைப்படுவது அந்த மாதிரியான ஒரு பாதைக்கு.

செலவுக் கணக்கை ஏஜென்ட் சொல்வதை வைத்துப் போடாதீர்கள், விசாவுக்காகக் கல்லூரி அனுப்பும் ஐ-20 படிவத்தை வைத்துப் போடுங்கள். அதில் ஒரு பக்கம் வருஷச் செலவு, இன்னொரு பக்கம் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று இருக்கும். கல்லூரி தருவது எவ்வளவு என்ற வரியில் எழுதியிருக்கும் தொகைதான் உண்மை, மீதி நீங்கள் வங்கியில் காட்ட வேண்டியது. ஸ்காலர்ஷிப்பில் டியூஷனுக்கும் புத்தகத்துக்கும் வரி இல்லை, ஆனால் தங்குமிடம், சாப்பாட்டுக்கான பகுதிக்கு வெளிநாட்டு மாணவர்களிடம் பொதுவாக 14 சதவீதம் பிடிப்பார்கள். இந்திய மாணவர்களுக்கு வரி ஒப்பந்தத்தில் சலுகை உண்டு, வருஷக் கடைசியில் ரிட்டர்ன் போட்டால் நிறையத் திரும்ப வரும். அதுவரை கைச்செலவுக்கு நீங்கள்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: ஆடும் தகுதியைச் சரிபார்க்கும் என்சிஏஏ எலிஜிபிலிட்டி சென்டரில் கணக்குத் தொடங்குங்கள், 9ஆம் வகுப்பிலிருந்து எல்லா மார்க்‌ஷீட்டும் எடுத்து வையுங்கள். டோர்னமென்ட்டுக்காகப் பள்ளியை மாற்றும் எண்ணம் இருந்தால் முதலில் அந்த சென்டரில் விசாரியுங்கள். பிளஸ் டூ முடித்து ஒரு வருஷம் ஆடிவிட்டுப் போகலாம் என்பதும் வேண்டாம், டென்னிஸில் அந்த இடைவெளிக்குத் தனிக் கண்டிப்பு உண்டு. வாங்கிய பரிசுப் பணம், அதற்கான செலவு ரசீது எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கட்டும். மகளின் யுடிஆர் எண் (டென்னிஸ் ஆட்டத் தரத்தைக் காட்டும் ரேட்டிங்), முழு செட் ஆடிய வீடியோ ஒன்று, பாயின்ட் தவறவிட்டதையும் வெட்டாமல், இரண்டும் தயாராக இருக்கட்டும். கோச்சுகளுக்கு ஈமெயிலை அவளே எழுதட்டும், நீங்கள் எழுத வேண்டாம், ஏஜென்ட்டும் வேண்டாம். அதில் இந்தக் கேள்விகள் கண்டிப்பாக இருக்கட்டும்: உங்கள் கல்லூரி வருமானப் பங்கீட்டில் சேர்ந்திருக்கிறதா, பெண்கள் டென்னிஸ் அணியில் இப்போது எத்தனை பேர், என் ஸ்காலர்ஷிப் எத்தனை சதவீதம், எத்தனை வருஷம், அணி நிறுத்தப்பட்டால் அல்லது எனக்கு அடிபட்டால் அது தொடருமா. பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.