வெட்டாத பூசணியில் பேய்முகம்: உரியாமல், வழியாமல், அழுகாமல்

கேள்வி: டொராண்டோவுக்கு அருகில் வசிக்கிறோம். பிள்ளைகளுக்கு எட்டு வயதும் ஐந்து வயதும்தான் ஆகிறது என்பதால் ஹாலோவீனுக்குப் பூசணியைக் கத்தியால் குடைய மனம் வரவில்லை. சென்ற ஆண்டு செப்டம்பர் கடைசியிலேயே வண்ணம் தீட்டி வாசற்படியில் வைத்தோம். இரண்டே நாளில் பெயின்ட் செதில் செதிலாக உரிந்தது. ஒரு மழையில் கறுப்பு நிறம் படியெல்லாம் வழிந்தது. அக்டோபர் 31 வருவதற்குள் காயும் அடியில் அழுகிவிட்டது. இந்த ஆண்டு எப்படிச் செய்தால் நிற்கும்? இரவில் பார்க்கப் பயமாகவும் இருக்க வேண்டும்.

பதில்: குடையாமல் தீட்டுவது என்று நீங்கள் எடுத்த முடிவு சரியானது. குடைந்த பூசணியின் ஈரமான சதை காற்றுபட்டு ஒரு வாரத்துக்குள் பூஞ்சை பிடித்துவிடும். தோல் கீறாத முழுக் காயோ குளிர்ச்சியான, உலர்ந்த இடத்தில் இரண்டு மூன்று மாதங்கள்கூடக் கெடாமல் இருக்கும். சென்ற ஆண்டு நேர்ந்த மூன்று குறைகளுக்கும் காரணங்கள் வெவ்வேறு என்பதால் அவற்றைத் தனித்தனியாகவே சரிசெய்ய வேண்டும்.

உரிந்ததற்குக் காரணம் பெயின்ட் அன்று, தோல். பூசணியின் தோல்மீது இயற்கையாகவே மெல்லிய மெழுகுப் படலம் இருக்கிறது. நன்கு கழுவாத காயின்மேல் தூரிகையால் ஒரு கோடு இழுத்துவிட்டுக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். பெயின்ட் பரவாமல், தாமரை இலைத் தண்ணீர் போலச் சிறு சிறு துளிகளாகச் சுருங்கி நிற்பதைக் காண்பீர்கள். அப்படிச் சுருங்கி உலர்ந்தது நகம் பட்டாலே பெயர்ந்து வரும். ஆகவே நான்கு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி பிளீச் கலந்து காயைத் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசி, ஓர் இரவு முழுவதும் வீட்டுக்குள் உலர விடுங்கள். பிளீச், அழுகலுக்கு வித்திடும் பூஞ்சையையும் குறைக்கும். ஓர் இரவு என்று நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெளிக் குளிரிலிருந்து உள்ளே கொண்டுவந்த காயின்மேல், கண்ணுக்கே தெரியாத அளவில் நீர் வியர்த்துக்கொண்டிருக்கும். அந்த ஈரத்தின்மேல் பூசிய எந்தப் பெயின்டும் ஒட்டாது. மறுநாள், முற்றிலும் உலர்ந்த பிறகு, தீட்டப்போகும் பகுதியை மருந்துக்கடை ஆல்கஹால் நனைத்த துணியால் ஒருமுறை அழுத்தித் துடையுங்கள். பிளீச்சும் ஆல்கஹாலும் ஒன்றோடொன்று கலக்கவே கூடாது என்பதால் இந்த வரிசையை மாற்றாதீர்கள். இவ்விரண்டு வேலைகளையும் பெரியவர்களே செய்யுங்கள்.

கறுப்பு வழிந்தது என்றால், நீங்கள் பயன்படுத்தியது பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளின் போஸ்டர் கலராக இருந்திருக்கும். அது உலர்ந்த பிறகும் தண்ணீரில் கரையும். அக்ரிலிக் பெயின்ட் அப்படியல்ல. உலர்ந்ததும் பிளாஸ்டிக் போன்ற படலமாகிவிடும். ஆனால் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அந்தப் படலம் ஒழுங்காக உருவாகாது என்பதால், அக்டோபர் குளிரில் திண்ணையில் உட்கார்ந்து தீட்டாமல் வீட்டுக்குள்ளேயே தீட்டுங்கள். கனமாக ஒரே பூச்சு வேண்டாம், மெல்லிய இரண்டு பூச்சுகள் போதும். ஒரு நாள் உலர விட்டு, வெளிப்புறப் பயன்பாட்டுக்கான பளபளப்பில்லாத அக்ரிலிக் வார்னிஷைத் தூரிகையால் பூசிவிட்டால் மழைக்குக் கவலை இல்லை.

இனி, பயமாக இருக்க வேண்டும் என்றீர்கள். இங்கேதான் பலர் வீண் உழைப்பு உழைக்கிறார்கள்: காய் முழுவதையும் கறுப்பாக்கி, அதன்மேல் மஞ்சளில் கண் வரைகிறார்கள். மஞ்சள் ஒளி ஊடுருவும் நிறம் என்பதால் கறுப்பின்மேல் அது பாசி பிடித்ததுபோல மங்கித்தான் தெரியும். ஆரஞ்சுத் தோலையே முகமாக விட்டுவிட்டு, குடைந்தது போன்ற தோற்றத்தைத் தீட்டுவதே என் பரிந்துரை. குடைந்த பூசணியை நினைவுபடுத்திப் பாருங்கள்: உள்ளே எரியும் மெழுகுவத்தியின் ஒளி மட்டுமன்றி, வெட்டுவாயின் ஓரத்தில் சதையின் கனமும் விரலளவுக்குத் தெரியும் அல்லவா? அந்தக் கனம்தான் கண்ணை ஏமாற்றும் சூட்சுமம். முக்கோணக் கண்ணை முதலில் வெள்ளையால் நிரப்பி உலர விடுங்கள். அதன்மேல் மஞ்சள் பூசுங்கள். பிறகு கண்ணின் கீழ் ஓரத்திலும் வலப்பக்க ஓரத்திலும் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு ஆரஞ்சும் பழுப்பும் கலந்த பட்டை ஒன்றைத் தீட்டி, முக்கோணத்தைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு இழுங்கள். இரண்டு கண்ணிலும் வாயிலும் பட்டை ஒரே பக்கமாக இருப்பது முக்கியம். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் கத்தியால் வெட்டிய துளை என்றே தோன்றும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு வெள்ளையையும் மஞ்சளையும் கொடுங்கள்; பட்டையை மூத்த பிள்ளை தீட்டட்டும்.

மண்டையோடு வேண்டுமென்றால் லுமினா போன்ற வெள்ளைத் தோல் வகையை வாங்குங்கள். கண்குழி, மூக்குக்குழி, பல்வரிசை மூன்றையும் கறுப்பில் போட்டாலே வேலை முடிந்தது. சூனியக்காரி முகத்துக்கு, தோலெங்கும் மருக்கள் நிறைந்த நக்கிள்ஹெட் வகை இருக்கிறது. அந்த மருக்களைத் தூரிகையால் உண்டாக்க யாராலும் முடியாது. நம் ஊரில் திருஷ்டிப் பூசணியில் அசுர முகம் எழுதுபவர்கள் விழியின் வெள்ளையைப் பெரிதாக்கி, கருமணியைச் சிறிதாக, எதிலும் ஒட்டாமல் நடுவில் மிதக்க விடுவார்கள். தெருவிலிருந்து பார்ப்பவரை அந்தப் பார்வை நேராகக் குத்தும். பிள்ளைகளுக்கு அதைக் காட்டிக்கொடுங்கள்.

தீட்டிய பூசணிக்கு உள்ளிருந்து ஒளி கிடையாது என்பதை மறந்துவிட வேண்டாம். பகலில் அழகாக இருந்தது இரவில் வெறும் கறுப்பு உருண்டையாகிவிடும். தரையில் ஒரு சிறிய எல்இடி விளக்கை வைத்துக் கீழிருந்து மேல்நோக்கி ஒளி விழச் செய்யுங்கள். தலைகீழாக விழும் நிழலே பாதிப் பயத்தை உண்டாக்கிவிடும்.

அழுகலைத் தடுப்பது வாங்கும்போதே தொடங்குகிறது. காம்பு உறுதியாக ஒட்டியிருக்கும் காயாக, அடியைக் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்காததாகப் பார்த்து எடுங்கள். காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள்; அது முறிந்த இடம்தான் பூஞ்சைக்கு வாசல். செப்டம்பரில் அவசரப்படாமல், அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமையில் வரும் உங்கள் ஊர் நன்றியறிதல் நாள் கழிந்த பின் வாங்கி, 20ஆம் தேதிக்கு மேல் தீட்டினால் போதும். சிமென்ட் படியில் நேரடியாக வைத்தால் அடியில் ஈரம் தங்கும் என்பதால் ஒரு மரப்பலகைமேல் வையுங்கள். உறைபனி என்று அறிவித்த இரவுகளில் கராஜுக்குள் எடுத்துவிடுங்கள். ஒருமுறை உறைந்து இளகிய காய் கூழாகிவிடும், அதன்பின் வார்னிஷ் எதுவும் காப்பாற்றாது.

முடிந்தால் மயில்நீலப் பச்சையில் இன்னொரு சிறிய காயையும் தீட்டி வையுங்கள். ஹாலோவீன் இரவில் வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் பிள்ளைகளில் உணவு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு, மிட்டாய்க்குப் பதிலாகச் சிறு பொம்மை, பென்சில் போன்றவை இந்த வீட்டில் கிடைக்கும் என்பதற்கு, 2014 முதல் அமெரிக்காவெங்கும் பரவிய அடையாளம் அது. கனடாவிலும் பலர் அறிவார்கள். வாசல்வரை வந்து வெறுங்கையோடு திரும்பும் ஒரு பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய மகிழ்ச்சி என்பதைப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பண்டிகை முடிந்ததும் அந்தக் காயைச் சமைக்கவோ அணில்களுக்குப் போடவோ வேண்டாம். பெயின்ட் படிந்த தோலைச் சீவிக் குப்பையில் போட்டுவிட்டு, மிஞ்சிய சதையைத் தோட்டத்து உரக்குழியில் சேர்த்துவிடலாம்.