மலைநாட்டில் மண்சரிவு நேரத்துக்கு, மடக்கித் தூக்கிப் போகிற தற்காலிகக் கொட்டகையை நாமே செய்ய முடியுமா?

செய்யலாம், வெல்டிங் தெரிந்த ஒருவர் கூட இருந்தால் போதும். ஆனால் பெரிதாகக் கட்ட ஆசைப்படாதீர்கள். தோட்டத்து லய வீடுகளிலிருந்து மேட்டுக்கு ஏறும் படிக்கட்டில் மூன்று மீட்டர் குழாயைத் திருப்பவே முடியாது. அதனால் வழியை அளந்துவிட்டு அளவை முடிவு செய்யுங்கள்.

நிவாரணத்தில் வரும் தார்ப்பாய் பெரும்பாலும் 4×6 மீட்டர். கணக்கை அதிலிருந்தே தொடங்குங்கள். 6 மீட்டர் முக்கால் அங்குல ஜீஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் 2.7 மீட்டர் கால்கள் இரண்டு கிடைக்கும். மீதி 60 சென்டிமீட்டரை வீசாதீர்கள், அதுதான் தரையில் அடிக்கும் முளை. ஊறிய மண்ணில் குட்டை முளை நிற்காது. ஒவ்வொரு காலையும் நடுவில் வெட்டி, ஒரு அங்குலக் குழாயில் ஒரு சாண் துண்டை உறையாக வைத்து, ஒரு முனையை மட்டும் பற்றவையுங்கள். இப்போது உறையோடு சேர்த்து சுமார் ஒன்றரை மீட்டர் கட்டாக மடங்கும்.

இரண்டு கால்களும் உச்சியில் ஒரே போல்ட்டில், நாலு விரல் வெளியே நீட்டியபடி குறுக்கே நிற்கட்டும். அந்தக் கவட்டில் மூங்கில் முகட்டை வைத்துவிடலாம். நீட்டிய முனைகளுக்குப் பழைய டியூபைச் சுற்றாவிட்டால் முதல் காற்றிலேயே தார்ப்பாய் கிழியும். நட்டும் விரலாலேயே திருகக்கூடியதாக இருக்கட்டும், நடுங்கும் கையில் ஸ்பானர் பிடித்துப் பாருங்கள், தெரியும். கால்கள் சறுக்காமல் அடியில் கயிறு கட்டுங்கள்.

இப்படி மூன்று சட்டங்கள், சுமார் 25 கிலோ. உள்ளே பத்துச் சதுர மீட்டர் கிடைக்கும். ஒருவருக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் என்பது நிவாரணப் பணிக்கான சர்வதேச ஸ்பியர் அளவுகோல். ஆக, மூன்று பேருக்கே கொஞ்சம் நெருக்கம்தான்.

கூரையைவிடத் தரைதான் பிரச்சினை. நுவரெலியாப் பக்கம் இரவில் குளிர் கீழிருந்து ஏறும். மானாப்புல்லை வெட்டித் தடிப்பாகப் பரப்பி, மேலே பிரித்த உரச் சாக்கு விரியுங்கள். சுற்றிலும் கான் (வடிகால்) வெட்டி, தொங்கும் தார்ப்பாய் ஓரத்தை அதன் உள்கரையில் மண் போட்டு மூடுங்கள். மேட்டுப் பக்கக் கான் ஆழமாக இருக்கட்டும். உள்ளே மட்டும் அடுப்பு மூட்டவே கூடாது.

அப்புறம் இடம். மண் வெட்டிய சரிவுக்குக் கீழேயும் ஓடை வாயிலும் வேண்டாம். மைதானமோ கோயில் முற்றமோ என்று வெயில் காலத்திலேயே பார்த்து வைத்து, அங்கே ஒரு முறை கட்டிப் பாருங்கள்.