ஜூலை 6 அன்று ஹேசில்ஹெட் பூங்காவுக்குப் போங்கள்

தம்பி, எண்ணெய் நிறுவன வேலைக்கு ஸ்காட்லாந்தின் அபர்டீனுக்கு வந்திருக்கிறீர்கள் என்று படித்ததும் சந்தோஷம். "ஆபீஸில் பானக்பர்ன், கலோடன், பர்ன்ஸ் இரவு என்று என்னென்னவோ பேசிக்கொள்கிறார்கள். எந்தெந்த நாளைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும், எதற்கு லீவு உண்டு?" என்று கேட்டிருந்தீர்கள்.

லீவு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜனவரி 2 இங்கே விடுமுறை, இங்கிலாந்தில் கிடையாது. நவம்பர் 30, புனித ஆண்ட்ரூ நாள். 2007 சட்டப்படி அது வங்கி விடுமுறைதான், ஆனால் கொடுப்பதும் கொடுக்காததும் கம்பெனியின் விருப்பம். நீங்கள் சொன்ன மூன்றுக்கும் லீவு இல்லை.

ஜனவரி 25, கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1759இல் பிறந்த நாள். யாராவது விருந்துக்குக் கூப்பிட்டால் தயங்காமல் போங்கள். ஆட்டு ஈரல், இதயம், நுரையீரலை ஓட்ஸோடு சேர்த்துச் செய்யும் ஹேகிஸை, நம் ஊர்க் கல்யாணத்தில் மேளம் முன்னே போவதுபோல, பேக்பைப் என்ற காற்றுப்பை வாத்தியம் வாசித்துக்கொண்டே கொண்டுவருவார்கள். அதைப் பற்றி பர்ன்ஸ் எழுதிய கவிதையைச் சொல்லிக்கொண்டே வெட்டுவார்கள். சைவம் என்றாலும் கவலை வேண்டாம், சைவ ஹேகிஸும் உண்டு. மிளகு தூக்கலாக இருக்கும், நம் நாக்குக்குப் பிடிக்கும்.

பானக்பர்ன் என்பது 1314 ஜூனில் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸ் ஆங்கிலேயப் படையை வென்ற போர். கலோடன், 1746 ஏப்ரல் 16, தோல்வி. ஸ்டூவர்ட் வம்சத்தை மறுபடி அரியணையில் ஏற்றக் கிளம்பிய, பெரும்பாலும் ஸ்காட்லாந்து மலைநாட்டுக்காரர்கள் நிறைந்த படை, அரசுப் படையிடம் தோற்றது. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துபோன சண்டை. அதன்பின் மலைநாட்டு ஆண்கள் தங்கள் உடையை உடுத்தக்கூட சட்டம் தடை போட்டது, அந்தத் தடை 1782 வரை நீடித்தது. இன்வெர்னெஸ் பக்கம் போனால் அந்தப் போர்க்களத்தைப் பாருங்கள். குலப்பெயர் செதுக்கிய கற்களுக்கு இன்றைக்கும் பூ வைக்கிறார்கள்.

ஆனால் தம்பி, உங்கள் வேலைக்கும் ஊருக்கும் இவை எல்லாவற்றையும்விட முக்கியமான நாள் ஜூலை 6. 1988இல் அன்று இரவு வடகடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய், வாயு எடுக்கும் மேடை வெடித்து எரிந்து 167 பேர் இறந்தார்கள். மேடையில் இருந்தவர்களில் 61 பேர்தான் பிழைத்தார்கள். பராமரிப்புக்காக ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றி, அந்த இடத்தைத் தகடு வைத்து மூடியிருந்தார்கள். இரவு ஷிஃப்டுக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. இன்னொரு பம்ப் நின்றுபோகவே, இதை ஓட்டினார்கள். வாயு கசிந்து தீப்பிடித்தது. பக்கத்து மேடைகளோ தங்கள் குழாய்களை உடனே நிறுத்தாமல் எண்ணெயும் வாயுவும் அனுப்பிக்கொண்டே இருந்தன. விசாரித்த நீதிபதி கல்லன் பிரபு 1990இல் 106 பரிந்துரைகள் கொடுத்தார், எல்லாமே ஏற்கப்பட்டன. நீங்கள் இன்று சலிப்போடு நிரப்பும் வேலை அனுமதி (பெர்மிட்) தாள்களிலும், ஷிஃப்ட் மாறும்போது கேட்கும் கேள்விகளிலும் அந்த இரவு இருக்கிறது.

அபர்டீன் ஹேசில்ஹெட் பூங்காவின் ரோஜாத் தோட்டத்தில் நினைவுச்சின்னம் உண்டு. மூன்று தொழிலாளர் சிலைகள், கீழே பெயர்கள். குடும்பத்தார் இன்னமும் வருகிறார்கள். உங்கள் ஆபீஸிலேயே அப்பாவையோ மாமாவையோ அன்று இழந்தவர் இருக்கக்கூடும், அதனால் இந்தப் பேச்சை நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். அவர்கள் சொன்னால் முழுக்கக் கேளுங்கள்.

அப்புறம் செப்டம்பரில் இரண்டு தேதிகள். 1297 செப்டம்பர் 11இல் ஸ்டர்லிங் பாலத்தில் ஸ்காட்லாந்து வீரர் வில்லியம் வாலஸ் ஆங்கிலேயப் படையை வென்றார். சரியாக 700 ஆண்டு கழித்து, 1997இல் அதே தேதியில், ஸ்காட்லாந்துக்கென்று தனி நாடாளுமன்றம் வேண்டும் என்று ஏறக்குறைய 74 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். மற்றது 2014 செப்டம்பர் 18, ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டுமா என்ற சுதந்திர வாக்கெடுப்பு. 55க்கு 45 என்று 'வேண்டாம்' பக்கம் வென்றது. ஒரே வீட்டுக்குள் அண்ணன் ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம் நின்ற வாக்கெடுப்பு அது. நீங்கள் எதற்குப் போட்டீர்கள் என்று யாரிடமும் கேட்காதீர்கள்.

எனக்கு அப்போது இந்தியப் பாஸ்போர்ட்தான், ஆனாலும் வாக்களித்தேன். முறையான விசாவோடு இங்கே வசிக்கும் காமன்வெல்த் நாட்டவருக்கு ஓட்டுரிமை உண்டு என்பதே நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. உங்களுக்கும் அது உண்டு. வீடு மாறி முகவரி நிலைத்ததும் வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிடுங்கள், ஆன்லைனிலேயே முடித்துவிடலாம்.