வனவிலங்குப் பாதுகாப்புக்காகத் தரப்படும் குத்தகைப் பணம் வறட்சியில் மேய்ச்சல் சமூகங்களுக்கு உதவுகிறதா?

உதவுகிறது, ஆனால் எல்லோருக்கும் அல்ல. கென்யாவின் மாசாய் மாரா காப்பகத்தை ஒட்டிய ஓலாரே ஓரோக் பகுதியில், 2006 முதல், மாடு மேய்த்து வாழும் மாசாய் இனத்து நில உடைமையாளர்கள் தங்கள் நிலத்தை வனவிலங்குகளுக்காகச் சுற்றுலா நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட்டு, பரப்புக்கேற்ற தொகையை மாதந்தோறும் வங்கிக் கணக்கில் பெறுகிறார்கள். மழை பொய்த்து மாடுகள் எலும்பும் தோலுமாகி, சந்தையில் விலை சரிந்து கிடக்கும் மாதங்களில், மக்காச்சோள மாவுக்கும் பள்ளிக் கட்டணத்துக்குமாக மந்தையை விற்க வேண்டிய நெருக்கடியை இந்தப் பணம் குறைக்கிறது. இது சிறிய பயனல்ல. எனினும், பஞ்ச காலத்தில் நாடிச் செல்லும் புல்வெளியே குத்தகைக்குள் போய்விடும்போது, கையில் பணம் இருந்தும் மாடுகளை ஓட்டிச் செல்ல இடமில்லாமல் போகிறது. பட்டா பெரும்பாலும் ஆண்களின் பெயரில் இருப்பதால், பெண்களுக்கும் நிலமற்றோருக்கும் நேரடியாகப் பணம் கிடைப்பது அரிது. எனவே, தொகையை உயர்த்துவதைவிட, வறட்சியில் முறைவைத்து மேய்க்கும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதிச் சேர்ப்பதுதான் முதலில் வேண்டியது என்று கருதுகிறேன்.