கையைக் கடிக்காத ரெட் ஒயின்: கேட்டீர்கள், சொல்கிறேன்

லண்டனில் ஒரு ஒயின் கடையில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். குறைந்த விலையில் நல்ல ரெட் ஒயின் எது என்று கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொன்றாக வருகிறேன்.

கேள்வி: அக்கா, நான் குடித்த முதல் ரெட் ஒயின் வாழைக்காயைப் பச்சையாகக் கடித்த மாதிரி நாக்கை இழுத்துப் பிடித்தது. எல்லாமே இப்படித்தானா?

இல்லவே இல்லை. நீங்கள் சொல்வது துவர்ப்பு, அதற்குக் காரணம் டானின். கருந்திராட்சையைத் தோலோடும் விதையோடும் ஊறவைத்து நொதிக்க விடுவதால் அவற்றில் இருக்கிற டானின் ஒயினில் இறங்குகிறது. அதிக நேரம் கொதித்த டீயைப் பால் இல்லாமல் குடித்துப் பாருங்கள், அதே பிடிப்பு இருக்கும். பால் ஊற்றினால் அடங்கிவிடும், ஏனென்றால் பாலில் உள்ள புரதம் டானினைப் பிடித்துக்கொள்கிறது. கடுமையான ஒயின் ஆட்டுக்கறியோடும் சீஸோடும் இதமாக இறங்குவதற்கும் இதுதான் காரணம்.

உங்களுக்குக் கொடுத்தது அநேகமாக இளசான கேபர்னே சாவின்யோன் திராட்சை ஒயினாக இருக்கும். காமே திராட்சையில் தொடங்குங்கள், அதாவது பிரான்சின் பொஜோலே பகுதி ஒயின். போத்தலில் 'பொஜோலே வில்லாஜ்' என்று இருந்தால் நல்லது. செர்ரி வாசம், வாயில் கனக்காது, துவர்ப்பு மிகக் குறைவு. 1395-இல் பர்கண்டிப் பிரபு பிலிப் இந்தக் காமே கொடியையே தன் நிலத்திலிருந்து பிடுங்கி எறியச் சொன்னார். அது தெற்கே பொஜோலேயின் கருங்கல் மண்ணில் நன்றாக வேர் பிடித்துக்கொண்டது. இன்றைக்கும் பர்கண்டியின் பினோ நுவார் ஒயின் வாங்கக் காசில்லாதவர்களுக்கு நான் எடுத்துக் கொடுப்பது அதைத்தான்.

கேள்வி: இங்கே சூப்பர்மார்க்கெட்டில் 5 பவுண்டுக்கே போத்தல் கிடைக்குதே அக்கா, ஏன் 9 பவுண்டு குடுக்கோணும்?

பிரிட்டனில் ஒயின் விலை உயர்ந்தது என்பதற்காகத் தீர்வை அதிகமாகாது, அது ஆல்கஹால் அளவைப் பார்த்துப் போடுவது. ஒரே அளவு ஆல்கஹால் என்றால் 5 பவுண்டு போத்தலுக்கும் 50 பவுண்டு போத்தலுக்கும் ஒரே தீர்வை. அதன் மேல் 20 சதவீதம் வாட். 5 பவுண்டில் பாதிக்கு மேல் வரியிலேயே போய்விடும், மிச்சத்தில் கண்ணாடி, மூடி, கப்பல் கூலி, கடைக்காரர் லாபம் எல்லாம் போனால் உள்ளே இருக்கிற ஒயினுக்கு என்ன மிஞ்சும்? 9 பவுண்டு கொடுக்கும்போது கூடுதலாகக் கொடுக்கும் காசில் நல்ல பங்கு ஒயினுக்கே போகிறது. 8 முதல் 12 பவுண்டுதான் காசுக்கு நிறைய கிடைக்கும் இடம் என்பது என் கணக்கு.

கேள்வி: பரோலோ, ஷாத்தோநஃப் து பாப் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குக் கட்டுப்படியாகாது. அந்தச் சுவையைக் குறைந்த விலையில் பிடிக்க முடியுமா?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. பேர் போன ஊரை விட்டுவிட்டு அதன் பக்கத்து ஊருக்குப் போங்கள். பிரான்சில் ஷாத்தோநஃபுக்கு எதிரே ரோன் ஆற்றைத் தாண்டினால் லிராக், பெரும்பாலும் அதே திராட்சைகள்தான்: கிரெனாஷ், சிரா, மூர்வேத்ரு. அதுவும் அதிகம் என்றால் சாதாரண கோத் து ரோன். இத்தாலியின் பரோலோவுக்குப் பதில் லாங்கே நெபியோலோ, திராட்சை அதேதான். ஆனால் துவர்ப்புப் பிடிக்காதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம், அவர்களுக்கு பரோலோ வரும் அதே பியமோன்தே பகுதியில் பார்பேரா இருக்கிறது, புளிப்பு நிறைய, துவர்ப்பு கொஞ்சம். இத்தாலியின் மோந்தால்சினோ ஊரில் வரும் புருனெல்லோ ஏறக்குறைய ஐந்து வருடம் காத்திருந்து கடைக்கு வருவதால் அத்தனை விலை. அதே ஊர், அதே சாஞ்சோவேசே திராட்சை, சீக்கிரமே வெளியே வருவது ரோசோ தி மோந்தால்சினோ.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். மோந்தேபுல்சியானோ தப்ருட்சோ என்பதில் மோந்தேபுல்சியானோ திராட்சையின் பெயர், அது வரும் பகுதி அப்ருட்சோ. வீனோ நோபிலே தி மோந்தேபுல்சியானோ என்பதில் அது தஸ்கனியில் உள்ள ஊரின் பெயர், திராட்சை சாஞ்சோவேசே. முதலாவது மலிவு, வார நாள் சாப்பாட்டுக்கு அருமை.

கேள்வி: சிலியின் கார்மெனேர் வாங்கலாமா?

தாராளமாக. பிரான்சின் போர்தோவில் பூச்சி அழித்ததோடு போயே போய்விட்டது என்று நினைத்த திராட்சை. சிலியில் பல காலமாக மெர்லோ என்ற பெயரில் வளர்ந்துகொண்டிருந்தது, 1994-இல் பிரெஞ்சுத் தாவர அறிஞர் ழான் மிஷெல் பூர்சிகோ பார்த்துக் கண்டுபிடித்தார். குடமிளகாய் வாசம் லேசாக அடிக்கும். எனக்கு அது பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது.

கேள்வி: பெங்களூரில் இருக்கிறேன் மேடம். இம்போர்ட்டட் விலை கண்ணைக் கட்டுகிறது.

வரி அப்படி. பக்கத்திலேயே நந்தி மலை இருக்கிறது, குரோவரின் லா ரிசர்வ் நல்ல கேபர்னே, ஷிராஸ் கலவை. நாசிக்கின் ஷிராஸ்களையும் பாருங்கள். நம் கம்பத்துப் பன்னீர் திராட்சை பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தத் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் வகை, வாசம் அற்புதம், ஆனால் முக்கியமாகச் சாப்பிடுகிற பழம்தான்.

விலையை விட முக்கியமான ஒன்று. 'ரூம் டெம்பரேச்சர்' என்பது நம் ஊர் அறையைச் சொன்னது இல்லை. 30 டிகிரியில் குடித்தால் ஆல்கஹால் நெடி மட்டும்தான் மூக்கில் ஏறும். 16 டிகிரி பக்கம் வரும் வரை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு ஊற்றுங்கள். மலிவான ஒயின் கூட அப்போது வேறு ஒயினாக இருக்கும்.

கேள்வி: நல்ல காரமான கறிக்கு எது?

ஆல்கஹால் காரத்தின் எரிச்சலைக் கூட்டும், டானினும் ஓக் பீப்பாய்ச் சுவையும் கூடவே சேர்ந்தால் வாய் கசந்துவிடும். அதனால் 14, 15 சதவீத ஒயின்களை ஒதுக்கி வையுங்கள். குளிரவைத்த பொஜோலே போதும்.

கேள்வி: லேபிளில் 'ரிசர்வ்' என்று இருந்தால் நல்ல ஒயினா?

ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் அந்தச் சொல்லுக்குச் சட்டப்படி பொருள் இல்லை. ஸ்பெயினின் ரியோஹாவில் உண்டு: ரெட் ஒயினில் கிரியான்சா என்றால் குறைந்தது 2 வருடம், அதில் 1 வருடம் பீப்பாயில். ரிசர்வா என்றால் 3 வருடம். அவர்களே வைத்துப் பழுக்கவிட்டு விற்கிறார்கள், விலையும் நியாயம். கனமான போத்தலைப் பார்த்து மட்டும் ஏமாறாதீர்கள். திருகு மூடி கேவலமும் இல்லை.

கேள்வி: இதயத்துக்கு நல்லது என்று தினமும் ஒரு கிளாஸ் குடிக்கலாமா?

மருந்தாக நினைத்துக் குடிக்காதீர்கள். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023-இல் சொல்லிவிட்டது. பிடித்திருந்தால் எப்போதாவது, கொஞ்சமாக. திறந்த போத்தலை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும், ஒரே இரவில் முடிக்க வேண்டியதில்லை.

கேள்வி: சனிக்கிழமை நண்பர்கள் ஆறு பேர் வருகிறார்கள், கையில் 30 பவுண்டு. என்ன வாங்க?

மூன்று போத்தல்: பொஜோலே வில்லாஜ், ரியோஹா கிரியான்சா, அர்ஜென்டினாவில் மென்டோசாவின் மால்பெக். முதலாவதை முன்கூட்டியே ஃபிரிட்ஜில் வையுங்கள். லேசானதிலிருந்து கனமானதுக்கு, இதே வரிசையில் ஊற்றுங்கள். யார் எதை இரண்டாவது முறை கேட்டார்கள் என்று கவனித்து எனக்கு எழுதுங்கள், அடுத்து அதன் பக்கத்து ஊரில் என்ன வாங்கலாம் என்று சொல்கிறேன்.