பியூரெட்டைத் திரும்பத் திரும்ப நிரப்பிய பெண்ணும் ஒன்றரை ஏக்கர் தோட்டமும்

போன சனிக்கிழமை ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் மேற்படிப்பு பற்றி யோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தது. அப்பா காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறவர். அம்மா, மகள், கூடவே பெரியப்பா. மகளுக்குக் கயல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். இரண்டாவது தடவையாக நீட் எழுதி 720க்கு 391 எடுத்திருக்கிறாள். பெரியப்பா கையில் ஒரு ஃபைல். அதில் வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி ஒன்றின் பளபளப்பான கையேடும், ஏஜெண்ட் பேனாவால் எழுதித் தந்த கட்டணக் கணக்கும் இருந்தன.

"ஒன்றரை ஏக்கர் முருங்கைத் தோட்டம் இருக்கு சார், விலை பேசியாச்சு. நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொன்னா போதும்" என்றார் பெரியப்பா.

நானும் முதல் பத்து நிமிடம் வழக்கமான ஆறுதல்களைத்தான் சொன்னேன். மார்க் மட்டுமே எல்லாம் இல்லை, வழிகள் நிறைய உண்டு, இப்படி. கயலின் அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினார். அப்போதுதான் எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. தோட்டத்துக்கு விலை பேசிவிட்டு வந்தவர்களிடம் ஆறுதல் சொல்லி என்ன பயன்? ஃபைலை மூடி வைத்துவிட்டுக் கணக்கைப் போட்டேன்.

வெளிநாட்டில் படிப்பு 54 மாதம். அங்கேயே ஓராண்டு பயிற்சி. திரும்பி வந்தால், வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்எம்ஜிஇ தேர்வு: 300 கேள்விகளில் 150 சரியாக இருந்தால்தான் தேர்ச்சி. ஒவ்வொரு முறையும் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் தேறுவதில்லை. தேறினாலும் இங்கே இன்னோர் ஆண்டு பயிற்சி. தோட்டம் முதல் இரண்டு, மூன்று வருடத்துக்குத்தான் வரும் என்று ஏஜெண்டின் கணக்கே சொல்கிறது. மீதிக்கு? "கடன்தான்" என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு. உள்ளூர் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் மேனேஜ்மெண்ட் சீட் என்றால் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல். அதை நான் பேசவே இல்லை. நர்சிங், பார்மசி, இன்ஜினியரிங் எல்லாம் அவர்களுக்கே தெரியும். அதற்கு என்னிடம் வர வேண்டியதில்லை.

இத்தனை நேரம் கயலிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. "ஸ்கூல்ல உனக்கு எது பிடிச்சுது? பாடத்தைச் சொல்லாதே, இடத்தைச் சொல்" என்றேன்.

"கெமிஸ்ட்ரி லேப்."

பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் பெர்மாங்கனேட் டைட்ரேஷன் செய்திருப்பீர்கள். பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்து, வெளிர் இளஞ்சிவப்பு கலையாமல் நிற்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். இரண்டு அளவீடுகள் ஒத்துப்போகும்வரை திரும்பச் செய்ய வேண்டும். நம்மில் பலர் என்ன செய்தோம் என்பது நமக்கே தெரியும். முதல் எண்ணைப் பார்த்து இரண்டாவதை எழுதிக்கொண்டோம். இந்தப் பெண் ஐந்தாவது தடவை பியூரெட்டை நிரப்பியிருக்கிறாள். லேப் உதவியாளர் பூட்டுச் சாவியோடு வாசலில் நின்று திட்டியிருக்கிறார். "0.2 வித்தியாசம் வந்துக்கிட்டே இருந்துச்சு சார். கீழே குழாய் முனையில ஒரு காற்றுக்குமிழி இருந்தது" என்றாள். அன்று அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது அந்த ஒரு வாக்கியத்தில்தான்.

அதற்கு அப்புறம் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

கயலின் அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. அம்மாவின் பையில் அவருடைய ரிப்போர்ட் இருந்தது. மூன்று மாதச் சராசரி 8.4. அந்த எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் ஹெச்பிஎல்சி என்று அச்சிட்டிருந்தது. "இது என்னன்னு என்னிக்காவது கேட்டீங்களா?" என்றேன். இல்லை. யாரும் கேட்பதில்லை. அது ஒரு கருவியின் பெயர். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு எஃகுக் குழாய். ஆய்வகத்தில் அதை ஆங்கிலத்தில் 'காலம்' (column) என்பார்கள் (புதிதாகச் சேர்ந்தவர்கள் நேரத்தைச் சொல்கிறார்கள் என்று நினைத்து முழிப்பதும் உண்டு). அந்தக் குழாய் வழியாக ரத்தத்தின் சாறு அழுத்தத்தில் பாய்கிறது. சர்க்கரை ஒட்டிக்கொண்ட ஹீமோகுளோபினின் மின்னேற்றம் கொஞ்சம் மாறியிருக்கும். அதனால் அது குழாயில் அதிகம் தங்காமல் முந்தி வெளியே வரும், ஒட்டாதது பிந்தி வரும். திரையில் இரண்டு மேடுகள். அவற்றின் பரப்பை வைத்துத்தான் அந்த 8.4. டாக்டர் மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் இந்த எண்ணைப் பார்த்துத்தான். எண் தவறானால் மாத்திரையும் தவறு. அந்தக் கருவியைச் சரிபார்த்து, தெரிந்த மாதிரியை முதலில் ஓட்டி, மேடு சாய்ந்திருந்தால் ஏன் என்று தேடுகிறவருக்கு வேண்டிய குணம், ஐந்தாவது தடவை பியூரெட்டை நிரப்புகிற குணம்.

பெரியப்பா இடையில் புகுந்தார். "லேப் டெக்னீசியன் வேலைக்கா சார் இவ்வளவு பேச்சு?"

இல்லை. நான் சொல்வது அந்தக் கருவிகளை உருவாக்குகிற, புதிய கேள்விகளுக்குத் திருப்புகிற துறை. பகுப்பாய்வு வேதியியல். வேதியியல் படித்தால் டீச்சர் வேலைதான் என்று நினைக்கிற எல்லோருக்கும் சேர்த்தே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்று ஒன்று இருக்கிறது. மூலக்கூறுகளை எடைபோடும் தராசு. ஆனால் புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளை உடைக்காமல் பறக்கவைத்தால்தான் எடைபோட முடியும். அது வெகுகாலம் நடக்காத காரியம். 1985 வாக்கில் ஜப்பானில் கியோட்டோவின் ஷிமாட்ஸு நிறுவனத்தில் கோய்ச்சி தனாகா என்ற இளம் ஊழியர், கோபால்ட் பொடியில் அசிட்டோனுக்குப் பதிலாகக் கை தவறி கிளிசரினைக் கலந்துவிட்டார். கொட்டிவிட மனசு வரவில்லை. வீணாக்குவானேன் என்று அதையே லேசர் அடித்துப் பார்த்தார். மூலக்கூறு உடையாமல் பறந்தது. 2002இல் வேதியியல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. அவர் படித்தது மின் பொறியியலில் இளநிலைப் பட்டம் மட்டுமே.

அந்தத் தராசு இன்று எங்கெல்லாம் இருக்கிறது? பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, காகிதத்தில் காயவைத்த ஒரு சொட்டு ரத்தத்திலிருந்து, சில நிமிடங்களில் பல பிறவி வளர்சிதைக் கோளாறுகளைக் கண்டுபிடிக்கிறது. பெரிய மருத்துவமனைகளின் நுண்ணுயிரியல் கூடங்களில், வளர்ந்து நிற்கும் கிருமி எது என்று நிமிடங்களில் சொல்கிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஸோல்டான் தகாட்ஸ் குழு இன்னும் ஒரு படி மேலே போனது. அறுவைசிகிச்சையில் மின்கத்தி திசுவைச் சுடும்போது புகை எழும் அல்லவா? அந்தப் புகையை உறிஞ்சி இந்தத் தராசில் விட்டார்கள். கத்தி இப்போது தொடுவது புற்றுத்திசுவா, நல்ல திசுவா என்று மூன்றே நொடிகளுக்குள் பதில். 2013இல் வந்த அவர்கள் ஆய்வில் 91 நோயாளிகளிடம் பார்த்தார்கள். கத்தி சொன்னதும் பின்னால் திசுப் பரிசோதனை சொன்னதும் ஒன்றாகவே இருந்தன. கத்தியைப் பிடித்தவர் டாக்டர். புகையைப் படித்தது வேதியியல்.

எம்ஆர்ஐயும் அப்படித்தான். வேதியியலார் குடுவையில் இருக்கும் பொருளின் அமைப்பைக் கண்டுபிடிக்க வைத்திருந்த என்எம்ஆர் முறைதான் அதன் தாய். அதிலிருந்து படம் எடுக்கலாம் என்று காட்டிய பால் லாட்டர்பர் வேதியியல்காரர். 2003இல் மருத்துவ நோபல் அவருக்கும் இயற்பியலாளர் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டுக்கும். இருவருமே டாக்டர்கள் இல்லை.

நம்மூர்க் கதையும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் கங்காரு வாலின் தசைநாரை எக்ஸ்ரேயில் படம்பிடித்து, கோபிநாத் கர்த்தாவோடு 1954இல் தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் முப்புரி அமைப்பை முன்வைத்தார். அதே மனிதர் 1971இல் லட்சுமிநாராயணனோடு சேர்ந்து, பல கோணங்களில் எடுத்த நிழல்களிலிருந்து உள்ளே இருப்பதைத் திரும்பக் கட்டும் கணக்கு முறையைத் தந்தார். சிடி ஸ்கேன் படிப்பவர்கள் 'ராம்-லாக்' என்று இன்றும் சொல்வது இவர்கள் பெயரைத்தான். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு வேலூர் சிஎம்சியும் கிடைக்கவில்லை, ஐஐடியும் கிடைக்கவில்லை. பரோடாவில் மருத்துவ சீட் கிடைத்தது. அதை விட்டுவிட்டு உதவித்தொகையோடு பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்தார். செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் அமைப்புக்காக 2009இல் வேதியியல் நோபல். எல்லோரும் வெங்கி ஆக முடியாதுதான். பி.எஸ்சி. என்றதும் முகம் சுளிக்கிற சொந்தக்காரர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

நோபலை விடுங்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்ததை 2025 அக்டோபரில் சென்னை அரசு மருந்துச் சோதனைக்கூடம் கண்டறிந்தது. இருக்கலாம் என்று ஒப்புக்கொண்ட அளவு 0.1. மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்த பிறகே அந்தச் சோதனை நடந்தது. முன்பே யாராவது ஒருவர் ஒரு சாம்பிளை ஒழுங்காக ஓட்டியிருந்தால் போதும். இதைச் சொன்னபோது கயல் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சரி, வழி என்ன? பி.எஸ்சி. வேதியியல், அரசுக் கல்லூரியில் அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில், அரசு உதவி பெறும் பிரிவில். இதில் நான் கறார். சுயநிதிப் பிரிவில் பெரிய தொகை கட்டி 'அனாலிட்டிகல்' என்று பெயர் சேர்த்த படிப்பு வேண்டாம். கயல் அரசுப் பள்ளியில் படித்தவள், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். மூன்று வருடச் செலவு ஏஜெண்டின் 'பதிவுக் கட்டணத்தை'த் தாண்டாது. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஆனால் பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் நான் பொறுப்பில்லை. மருந்துக் கம்பெனிகளின் க்யூசி (தரக் கட்டுப்பாடு) பிரிவில் வேலை கிடைக்கும். நான் பார்த்தவரை தொடக்கச் சம்பளம் மாதம் 20 ஆயிரத்தைத் தாண்டுவது கஷ்டம். நைட் ஷிஃப்ட் உண்டு. ஒரே சோதனையை நாளுக்கு நாற்பது தடவை ஓட்ட வேண்டியிருக்கும். இரண்டாம் ஆண்டிலிருந்தே எம்.எஸ்சி.க்கான ஜாம் நுழைவுத் தேர்வுக்குத் தயாராக வேண்டும். பிப்ரவரியில் நடக்கும். அதில் நல்ல இடம் பிடித்தால் ஐஐடியில் எம்.எஸ்சி. இல்லாவிட்டால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் பகுப்பாய்வு வேதியியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. அதன் பிறகு மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆரின் நெட் தேர்வை எழுதி ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) வாங்கினால், ஆராய்ச்சிக்கே மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. படிக்கப் பணம் கட்டுவது நின்று, படிப்பதற்குப் பணம் வரத் தொடங்கும் இடம் அது. முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு வருடம் ஆகும், அதை மறைக்கவில்லை. வெளிநாட்டு மருத்துவக் கணக்கும் ஆறரை வருடம்தானே?

"மூன்று மாதத்தில் ஹெச்பிஎல்சி பயிற்சி, வேலை உறுதி" என்று லட்சம் கேட்கும் இடங்கள் பக்கம் போகாதீர்கள். கருவியைத் தொட்டுப் பார்க்க வேறு வழிகள் உண்டு. சென்னை ஐஐடியில் இருக்கும் அரசு நிதிக் கருவி மையத்துக்கு வெளிக் கல்லூரிகளும் சாம்பிள் அனுப்பலாம். காரைக்குடியில் சிஎஸ்ஐஆரின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. செப்டம்பர் 26 சிஎஸ்ஐஆர் நிறுவன நாள். அதையொட்டி மாணவர்களை உள்ளே விடுவார்கள். என்எம்ஆர் காந்தத்தை ஒருமுறை நேரில் பாருங்கள். ஆளுயரப் பாத்திரத்துக்குள்ளே மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியம், அதைச் சுற்றி திரவ நைட்ரஜன். சட்டைப் பையில் ஏடிஎம் கார்டு இருந்தால் வெளியே வைத்துவிட்டுப் போகச் சொல்வார்கள்.

"பொம்பளைப் பிள்ளை, கெமிக்கல் எல்லாம் மேல பட்டா…" என்று அம்மா தொடங்கினார். நியாயமான பயம். கரைப்பான்களைப் புகைக்கூண்டுக்குள் வைத்துத்தான் கையாள வேண்டும், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். இவை இல்லாத இடத்தில் வேலைக்குச் சேரக் கூடாது என்று கயலிடமே சொன்னேன்.

பெரியப்பா கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "எங்க வீட்டுல ஒரு டாக்டர்னு சொல்லிக்கிற மாதிரி வருமா சார்?" என்றார். வராது என்றேன். ஆனால் தோட்டம் அவர் தம்பியுடையது, படிக்கப்போவது கயல். இரண்டிலும் அவருக்குப் பங்கில்லை என்பதையும் கொஞ்சம் மெதுவான வார்த்தைகளில் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னதாக நினைக்கிறேன், அவர் முகம் அப்படிச் சொல்லவில்லை. ஏஜெண்டிடம் 50 ஆயிரம் முன்பணம் கொடுத்திருக்கிறார்கள், ரசீது இல்லை. அதை எழுத்தில் திருப்பிக் கேட்கச் சொல்லி, கடிதத்தையும் அங்கேயே எழுதிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை இரவு கயலிடமிருந்து ஒரு செய்தி. பழனியில் ஒரு கல்லூரியில் விண்ணப்பம் வாங்கியிருக்கிறாள். அலைடு பாடமாக விலங்கியல் எடுப்பதா, இயற்பியலும் கணிதமுமா என்று கேட்டிருந்தாள். கணிதமும் இயற்பியலும் என்று பதில் அனுப்பினேன். பிளஸ் டூவில் பயோ-மேத்ஸ் குரூப் எடுத்தது நல்லதாகப் போயிற்று. ஐஐடிகள் சிலவற்றில் வேதியியல் எம்.எஸ்சி.க்கே கணிதம் படித்திருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். தோட்டத்துக்கு விலை பேசியவரிடம் அப்பா போய்ப் பேசிவிட்டாரா என்று நானும் ஒன்று கேட்டேன். "நாளைக்குப் போறாராம் சார்" என்று வந்தது.