ராட்வைலர் நாயின் குணம் எப்படி? வீட்டில் 2 வயதுக் குழந்தையும் வயதான அப்பாவும் இருக்கிறார்கள், வளர்க்கலாமா?

எங்கள் வீட்டில் 9 வருடமாக ஒரு ராட்வைலர் இருக்கிறாள். பெயர் பொன்னி. அவளோடு வாழ்ந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இப்போதைக்கு வேண்டாம்.

'கடிக்குமா?' என்று எல்லோரும் கேட்கிறார்கள். 'இடிக்குமா?' என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

ஒரு தீபாவளிக்கு அண்ணன் பிள்ளைகள், சித்தியின் பேரன்கள் என ஆறு வாண்டுகள் ஹாலில் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். மூலையில் படுத்திருந்த பொன்னி எழுந்தாள். குரைக்கவில்லை. ஒவ்வொருவன் பின்னாலும் போய்த் தோளால் ஒரு தள்ளு. ஐந்தே நிமிடத்தில் ஆறு பேரும் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றார்கள். இவள் குறுக்கே நின்றுகொண்டாள். எவனாவது நழுவப் பார்த்தால் மறுபடி தோள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம், வீடியோ எடுத்தோம்.

அடுத்த மாதம் அம்மா துவைக்கிற கல்லருகே நின்றிருந்தார். கேட்டில் யாரோ கூப்பிட, அம்மா திரும்பினார். பொன்னி குறுக்கே புகுந்தாள். அதே தோள்தான், ஆனால் இந்த முறை ஈரத் தரை. மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. இதில் கோபம் துளியும் இல்லை. 'நீ போகாதே, நான் பார்க்கிறேன்' என்று தள்ளியிருக்கிறாள், அவ்வளவுதான். உங்கள் அப்பாவை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

அந்தத் தோள் வந்த வழி பழையது. தென்மேற்கு ஜெர்மனியில் ராட்வைல் என்று ஒரு ஊர், ரோமானியர் கி.பி. 73 வாக்கில் அமைத்தது. ரோமப் படையோடு மாடு ஓட்டிவந்த நாய்களின் வாரிசு இது என்பார்கள். அது எப்படியோ, பின்னாளில் அது பெரிய மாட்டு வியாபார ஊராக இருந்தது. அங்கிருந்த கசாப்புக்காரர்கள் மாடு ஓட்டவும் இறைச்சி வண்டி இழுக்கவும் இந்த நாயை வைத்திருந்தார்கள். 'ராட்வைல் கசாப்புக்காரர் நாய்' என்றே அதற்குப் பெயர். சந்தையிலிருந்து திரும்பும்போது காசுப் பையை இதன் கழுத்தில் கட்டிவிடுவார்களாம். எந்தத் திருடன் கை வைப்பான்?

ரயில் வந்தது, சாலையில் மாடு ஓட்டுகிற தொழில் படுத்தது. 1882இல் ஹைல்பிரான் நகரில் நடந்த நாய்க் கண்காட்சிக்கு வந்தது ஒரே ஒரு ராட்வைலர், அதுவும் சுமாரான ஒன்று. இனம் பிழைத்தது போலீஸ் புண்ணியத்தில். 1910இல் ஜெர்மனியில் இதைப் போலீஸ் நாயாக அங்கீகரித்தார்கள். 1921இல் இதற்கென்றே தேசிய அளவில் ஒரு சங்கம் அமைந்தது. ஆக, இன்று நாம் பார்க்கிற காவல் வேலை இதற்கு இரண்டாவது உத்தியோகம்.

முதல் உத்தியோகத்தின் குணம் இன்னும் போகவில்லை. முரண்டு பிடிக்கிற மாட்டின் முன்னால் நிற்கிற நாய் பதறக் கூடாது. எஜமான் தூரத்தில் இருக்கும்போது தானாகவே முடிவெடுக்கவும் வேண்டும். அதனால் இது நிறையக் குரைக்காது. நின்று பார்க்கும், கணக்குப் போடும். ஈ.பி. ரீடிங் எடுக்க வந்தவர், "சாதுவா இருக்கே சார்" என்று சொல்லிக்கொண்டே கேட் கம்பிக்குள் கையை நீட்டினார். பொன்னி அசையவே இல்லை. வாய் மூடியிருந்தது, காது முன்னால் வந்திருந்தது. நான் பாய்ந்துபோய் அவள் பெல்ட்டைப் பிடித்தேன். தெருநாய் பத்துத் தடவை எச்சரிக்கும், இவள் அப்படி அல்ல. இதில் கூத்து என்னவென்றால், வயிற்றைத் தடவிக்கொடுத்தால் தொண்டைக்குள்ளேயே கடகடவென்று உறுமுவாள். பூனை சந்தோஷத்தில் செய்கிற மாதிரிதான். வந்தவர்கள் அதற்குத்தான் பயந்து எழுந்து ஓடுவார்கள்.

வாலைப் பார்த்தாவது மனசு தெரியும் என்றால், அதைக் குட்டியிலேயே ஒட்ட வெட்டிவிட்டார்கள். ஜெர்மனியிலேயே 1998இல் நிறுத்திவிட்ட பழக்கம் இது. இங்கே இன்னும் 'ஒரிஜினல் லுக்' என்று சொல்லி விற்கிறார்கள்.

இந்த இனத்தின் சர்வதேச விதிமுறையில் 'குழந்தைகளிடம் பிரியமானது' என்றே எழுதியிருக்கிறது. 2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்குப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறியதும் நடந்தது. இரண்டும் உண்மை. வளர்ந்த ஆண் 61 முதல் 68 செ.மீ. உயரம், 50 கிலோ எடை. பெண் 42 கிலோ. இந்த எடை ஒரு தடவை தப்பாகக் கணக்குப் போட்டாலும் குழந்தைக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அதனால் எத்தனை நல்ல நாயானாலும், சின்னக் குழந்தையோடு ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள்.

அப்புறம் வெயில். கறுப்பு உடம்பு, இரட்டை ரோமம். ஏப்ரல், மே மாதங்களில் நடை எல்லாம் விடியற்காலையோடு சரி. இடுப்பு மூட்டும் சீக்கிரம் தேயும். பொன்னி இப்போது மாடிப்படி ஏறுவதில்லை.

பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயது வந்தபின் ஆசை அப்படியே இருந்தால், பெண் குட்டியாகப் பாருங்கள். வாங்கும் முன் தாயை வெளியே அழைத்துவரச் சொல்லுங்கள். நீங்கள் பிரீடரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது அது வந்து உங்களை முகர்ந்து பார்த்து, காலடியில் படுத்தால் மேற்கொண்டு விலை பேசலாம். "தாயை வெளியே விட முடியாது சார், புது ஆளுன்னா கடிக்கும்" என்று அவர் பெருமையாகச் சொன்னால், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.